ஒரு டம்ளர் பெட்ரோல்

எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு வீடு இருக்கிறது. கீழே என்றால் கீழ்த்தளத்தில் அல்ல; சரிவில், பத்தடிப் பள்ளத்தில். லம்பா லைனில் பல வீடுகள் இப்படித்தான். ஒருவர் வீட்டு வாசலும் இன்னொருவர் வீட்டுக் கூரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். இந்தப் பக்கத்தில் சமமான நிலம் என்று ஏதாவது இருந்திருந்தால் அது எப்போதோ விமான நிலையத்துக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த மேட்டிலும் பள்ளத்திலும் தமிழர்களும் தெலுங்கர்களும் வங்காளிகளும் மலையாளிகளும் ராஞ்சிக்காரர்களும் வீடு கட்டிக்கொண்டு, ஒருவரோடொருவர் இந்தியில் பேசிக்கொண்டு, தன் வீட்டு மழைநீரை அடுத்தவர் வீட்டு ஓரமாக வடியவிட்டுக் குடித்தனம் நடத்துகிறோம். எங்கள் வீட்டுச் சிமெண்ட் வாய்க்கால் கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரை உரசிக்கொண்டுதான் இறங்குகிறது. இந்த வாய்க்காலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 பிப்ரவரியில் எங்கள் காருக்கு இருமல் வந்தது. சென்னையிலிருந்து கப்பலில் வந்த, ஏற்கெனவே இரண்டு கை மாறிய பெட்ரோல் கார். நேரான சாலையில் ஒழுங்காகப் போகும். மேடு ஏறும்போது மட்டும் குலுங்கும், திணறும். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறையும். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரில் அரசு இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது; எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது) மேடு ஏறாமல் எங்கும் போக முடியாது. ஜங்லிகாட்டில் ஒரு மிஸ்திரி இருந்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ், இந்தி, மலையாளம் மூன்றையும் ஒரே வாக்கியத்துக்குள் பேசி முடித்துவிடுவார். பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஃபில்டர் அடைச்சிருக்கு சார்" என்றார்.

பெட்ரோல் டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் கையளவு டப்பா அது. உள்ளே விசிறி மடிப்பாக மடித்த காகிதம். டேங்கில் சேரும் துரு, தூசி, கசடு எல்லாம் என்ஜினுக்குப் போகாமல் அதில் தங்கிவிடும். தீவுகளில் இந்த டப்பாவுக்கு வேலை அதிகம். காற்றில் எப்போதும் ஈரம். பாதி காலியாகக் கிடக்கும் டேங்கின் உட்சுவரில் இரவில் அந்த ஈரம் வியர்த்து நீராகும், நீர் துருவாகும். வெளியே கடலின் உப்புக் காற்று பங்குக்குக் குழாயையும் கிளாம்பையும் அரித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் மாடலுக்கு உள்ளூர்க் கடைகளில் ஃபில்டர் இல்லை. சென்னையிலிருந்து வரவேண்டும். சுமார் 1,200 கிலோமீட்டர் கடல், மூன்று நாள் பயணம், அதுவும் கப்பல் கிளம்பிய பிறகு. ஊருக்குப் போயிருந்த உறவினர் ஒருவர் முறுக்குக்கும் கருவாட்டுக்கும் நடுவே அதைச் செருகி எடுத்துவந்து சேர்த்தது ஒரு சனிக்கிழமை இரவு. மறுநாள் மிஸ்திரி கடை பூட்டு. ஒரு நாள் பொறுத்திருக்கலாம். ஆனால் மூன்று வாரம் காத்திருந்து கைக்கு வந்த சாமான் மேஜைமீது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது பொறுமை வருவதில்லை. இரண்டு நட்டு, ஒரு கிளாம்பு, இதற்கு எதற்கு மிஸ்திரி என்று தோன்றியது.

எனக்கு இந்தத் தைரியம் வந்தது ஸ்கூட்டரால். பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவன் நான். அதில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையால் தானே இறங்கும். அடியில் இருக்கும் திருகை மூடினால் நின்றுவிடும். குழாயைக் கழற்றி, வாயால் ஊதி, அடைப்பை எடுத்து மறுபடி மாட்டியது எத்தனையோ முறை. காரும் அதன் பெரியண்ணன்தானே என்று நினைத்தேன். காருடன் வந்த ஆங்கிலக் கையேட்டில் ஃபில்டரைப் பணிமனையில் மாற்றிக்கொள்ளவும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. வியாபாரத் தந்திரம் என்று புரட்டிவிட்டேன்.

உதவிக்கு என் மைத்துனன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். 2004 சுனாமிக்குப் பிறகு தீவுகளில் கட்டட வேலைக்குப் பஞ்சமில்லாத காலம் அது, எங்களோடுதான் தங்கியிருந்தான். இரண்டு கட்டடங்களை ஒரே நேரத்தில் மேய்க்கிறவனுக்கு ஒரு டப்பாவைக் கழற்றுவது பெரிய காரியமா?

எங்கள் வீட்டின் பின்பாதி தூண்கள்மேல் நிற்கிறது. அடியில் இருக்கும் இடம்தான் கார் ஷெட், துவைக்கும் இடம், பழைய சாமான் அறை எல்லாம். பகலிலும் இருட்டு. ஃபில்டர் காரின் அடிவயிற்றில், டேங்குக்குச் சற்று முன்னால் இருந்தது. ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினோம். கொத்தனார் வீட்டில் கல்லுக்கா பஞ்சம். ஹாலோ பிளாக் நான்கை அடுக்கி முட்டுக் கொடுத்தான் மைத்துனன். மாடியிலிருந்து வயர் இழுத்து, ஹோல்டரில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டிக் காருக்கு அடியில் தொங்கவிட்டேன். இப்போது இதை எழுதும்போது அந்த பல்பின் வெளிச்சத்தில் எங்கள் இருவர் முகமும் எனக்குத் தெரிகிறது.

"டேங்க் நிறைய இருக்கு அத்தான். குழாயக் கழட்டுனா எல்லாம் கொட்டிரும். பாதிய எடுத்துருவோம்" என்றான். நியாயமாகத்தான் பட்டது. அவனுடைய பையில் மட்டம் பார்க்கும் டியூப் இருந்தது. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிச் சுவருக்குச் சுவர் மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான நீள டியூப். ஒரு முனையை டேங்குக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினான். முதல் இழுப்பில் வெறும் காற்று. இரண்டாவது இழுப்பு பலமாக இருந்தது. டியூப்பின் வழியாகப் பெட்ரோல் ஏறி வருவதை நான் பார்த்தேன். சொல்வதற்குள் வாய்க்குள் போய்விட்டது. துப்பினான், இருமினான், குனிந்து நின்று கண்ணில் நீர் வழிய இருமினான். டியூப் மட்டும் கீழே வைத்திருந்த சமையல் எண்ணெய்க் கேனுக்குள் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

நாங்கள் சிரித்தோம். மாமா இனிமேல் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவார் என்று என் பையன் கேட்டான். என் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு சொம்பு உப்புத் தண்ணீரோடு இறங்கி வந்தாள். "குடி தம்பி. விரலை விட்டு வாந்தி எடுத்துரு. விஷம் வெளிய வந்துரும்." குடித்தான், எடுத்தான், மறுபடியும் இருமினான். பிறகு மோர் கொடுத்தாள். "இப்ப தேவல அத்தை" என்றான். அம்மா வெற்றியோடு படியேறிப் போனாள்.

அடுத்தது என் முறை. காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பானரை நட்டில் வைத்து அழுத்தினேன். உப்புக் காற்றில் இறுகியிருந்த நட்டு முதலில் அசையவில்லை. இரண்டு கையாலும் பலம்கொண்டு இழுத்தபோது அசைந்தது. அசைந்த அந்தக் கணத்தில், சொட்டும் என்று நான் எதிர்பார்த்த பெட்ரோல், ஊசி பீச்சுவதுபோலச் சீறியது. கண்ணில், வாயில், அக்குளில். சட்டை நனைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் தொங்கிய பல்பின்மேல் துளிகள் விழுந்து 'சுர்ர்' என்றது எனக்குக் காதில் கேட்டது. சூடான கண்ணாடி, குளிர்ந்த திரவம். விரிசல் விட்டிருக்க வேண்டும். உள்ளே இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் இழை இருக்கிறது. விரிசல் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

ஸ்கூட்டருக்கும் இந்தக் காருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இன்ஜெக்ஷன் என்ஜின் உள்ள காரில் டேங்குக்குள் மின்சாரப் பம்பு ஒன்று இருக்கிறது. அது பெட்ரோலைக் கிட்டத்தட்ட 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைவிட அதிகம். சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினால் பம்பு நிற்கும், அழுத்தம் நிற்காது. குழாய்க்குள் மணிக்கணக்கில் காத்திருக்கும். முதலில் திறக்கிறவனுக்காக.

உருண்டு வெளியே வந்து, கண் எரிச்சலில் எதையும் பார்க்க முடியாமல், துவைக்கும் இடத்து வாளியைத் தடவி எடுத்து முகத்தைக் கழுவினேன். அது சரி. மிச்சத் தண்ணீரைத் தரையில் சிந்திக் கிடந்த பெட்ரோல்மேல் ஊற்றி விட்டேன். சுத்தம் செய்கிறேனாம். அதற்குள் எண்ணெய்க் கேன் நிரம்பி வழிந்திருப்பதையும் யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து எங்கே போகும்? வாய்க்காலில்.

கீழேயிருந்து ஒரு குரல். "பாயி சாப்! பெட்ரோல் கிர்தா ஹை க்யா?" பெட்ரோல் கொட்டுகிறதா என்று. கீழ்வீட்டுத் தெலுங்கு அம்மா, சமையலறையை விட்டு வெளியே வந்து நின்று அண்ணாந்து பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் காஸ் லைட்டர் இருந்தது. மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்க வந்தவர், அடுப்பைத் திருகப் போன இடத்தில் வாசனை மூக்கைத் தாக்கியிருக்கிறது. ஒரு நிமிடம் முன்னால் வந்திருந்தாலும், ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்தாலும், அந்த லைட்டர் தன் வேலையைச் செய்திருக்கும். மைத்துனன் அவனுடைய மணல் குவியலிலிருந்து சட்டி சட்டியாக அள்ளி வாய்க்காலில் கொட்டினான். அன்று நாங்கள் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. கீழ்வீட்டில் அன்று சாயங்காலம் வரை அடுப்பு பற்ற வைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சாம்பார் சாதம் போயிற்று; அதுவும் பக்கத்து வீட்டில் சமைத்து வாங்கியது. பேசாமல் வாங்கிக்கொண்டார். அந்தப் பேசாமைதான் உறைத்தது.

நம் வீடுகளில் நமக்குப் பழக்கமான எண்ணெய் மண்ணெண்ணெய். அதை ஸ்டவ்வில் ஊற்றியிருக்கிறோம், ரேஷன் கடையில் டின்னில் பிடித்திருக்கிறோம், கை கறையைக் கழுவியிருக்கிறோம். மண்ணெண்ணெய் சாதாரணமாக 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். திரி இல்லாமல் அது சோம்பேறி. பெட்ரோல் அப்படியல்ல. பூஜ்ஜியத்துக்கும் கீழே நாற்பது டிகிரிக் குளிரில்கூட அது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அந்தமான் வெயிலில் சொல்லவே வேண்டாம். ஒரு டம்ளர் பெட்ரோல் முழுதும் ஆவியானால் இரண்டு பீரோ கொள்ளளவு காற்றைப் பற்றக்கூடியதாக்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். புகைபோல மேலே போகாது. தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும், படியில் வழியும், சாக்கடையில் ஓடும், மூலையில் தேங்கும். எங்கேயோ ஒரு பொறி கண்டால் வந்த வழியே தீயாகத் திரும்பி ஓடிவரும். சமதளத்தில் வீடு உள்ளவன் தன் வீட்டைக் கொளுத்திக்கொள்வான். சரிவில் இருப்பவன் கீழ்வீட்டைக் கொளுத்துவான்.

ஆனாலும் பெட்ரோலை நாம் திரவமாக மட்டும்தான் பார்க்கிறோம். பாகிஸ்தானில் அகமத்பூர் ஷர்கியா அருகே 2017 ஜூன் 25 அன்று ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்தது. கொட்டிய பெட்ரோலைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் குடமும் பாட்டிலுமாகக் கூடினார்கள். தீப்பிடித்தபோது இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தியைப் படித்தபோது எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. எண்ணெய்க் கேன் வைத்திருந்தவன் நான்.

அந்தக் கேனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. ஆனால் எதில் வைப்பது என்றும் சொல்கிறது: இறுக மூடிய பாத்திரத்தில், கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. சமையல் எண்ணெய்க் கேனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1934-இல் எந்த வீட்டில் பிளாஸ்டிக் இருந்தது? இருந்திருந்தால் தடுத்திருப்பார்கள். சாதாரணப் பிளாஸ்டிக்கைப் பெட்ரோல் நாளடைவில் இளக்கிவிடும். தவிர, பெட்ரோல் பாய்ந்து விழும்போது நிலை மின்சாரம் சேர்கிறது. உலோக டின்னைத் தரையில் வைத்தால் அது மண்ணுக்கு இறங்கிவிடும், பிளாஸ்டிக்கில் இறங்க வழியில்லை. இங்கே சில ஆண்டுகளாக வாட் வரி குறைவு என்பதால் பெட்ரோல் நாட்டின் மற்ற ஊர்களைவிட மலிவு. மலிவான பொருளை யாரும் மதித்து வைப்பதில்லை. வீட்டுக்கு வீடு கேன்கள் பார்த்திருக்கிறேன், மாடிப்படிக்கு அடியில், காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்.

தீப்பிடிக்கவில்லை, கீழ்வீடு தப்பித்தது, என் கண் சிவந்ததோடு சரி. பெரிய கண்டம் கழிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாலு மணிக்கு மைத்துனன் படுத்துக்கொண்டான். மணல் அள்ளிய அலுப்பு என்றான். ஆறு மணிக்குக் காய்ச்சல். இருமல் நிற்கவில்லை. எட்டு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது; ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை. காரோ கல்மேல் நிற்கிறது. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

இரவுப் பணியில் இருந்த டாக்டர் இளைஞர். தமிழ்க்காரர். எப்போது உறிஞ்சினான், எவ்வளவு உள்ளே போயிற்று என்று கேட்டுக்கொண்டே வந்தவர், உப்புத் தண்ணீர் கதை வந்ததும் எழுதுவதை நிறுத்தினார்.

"யார் வாந்தி எடுக்க வெச்சது?"

"அம்மா."

"வயித்துக்குள்ள போன பெட்ரோலை வயிறு ஓரளவு சமாளிச்சிரும் சார். நுரையீரல் சமாளிக்காது. உறிஞ்சறப்ப கொஞ்சம் போயிருக்கும். வாந்தி எடுக்கறப்ப ரெண்டாவது தடவையும் போயிருக்கும்."

அவர் விளக்கியதை என் சொல்லில் சொல்கிறேன். பெட்ரோல் தண்ணீரைவிட மெலிசு. ஒரு துளி தொண்டையில் வழி தவறினால் மூச்சுக்குழாய்ச் சுவரில் பரவிக்கொண்டே அடிவரை போய்விடும். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருப்பதற்கு உள்ளே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. பெட்ரோல் அதைக் கரைத்துவிடும். பிறகு அழற்சி, நீர் கோத்தல், மூச்சுத் திணறல். கிருமி இல்லாமலே வரும் நிமோனியா. முதல் அரைமணியில் வெறும் இருமல் மாதிரி இருக்கும். முழு உருவம் தெரியப் பல மணி நேரம் ஆகும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீரோ பாலோ மோரோ கொடுக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, நனைந்த துணியை மாற்றி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இருமல் நின்றுவிட்டாலும்கூட.

அம்மாவிடம் இதை யார் சொல்வது? நான் சொல்லவில்லை. டாக்டரும் அடுத்த நாள் அம்மா வந்தபோது ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவள் வைத்தியத்தால்தான் அவன் பிழைத்தான் என்று 2015-இல் கண்ணை மூடும்வரை நம்பிக்கொண்டிருந்தாள்.

மைத்துனன் ஐந்து நாள் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தான். இரண்டாம் நாள் இரவுதான் மோசம். என் மனைவி என்னோடு பேசவில்லை. மாமனார் ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டார்: "என்ன மாப்ள, கார் ரிப்பேருக்கா எம்புள்ளைய அனுப்புனேன்?" அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை, வெறும் சந்தேகமாகத்தான் கேட்டார்.

மறுவாரம் ஜங்லிகாட் மிஸ்திரியை வீட்டுக்கே அழைத்து வந்தேன். முதலில் ஹாலோ பிளாக்குகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லிக்கொண்டு உடையாது, ஒரே நொடியில் பொடியாகும் என்றார். தான் கொண்டுவந்த இரும்பு ஸ்டாண்டுகளை வைத்தார். ஆனால் அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. எங்கள் பிசகைத் தற்காலிகமாக இறுக்கிவிட்டு, காரை இறக்கி, நான்கு பேராகத் தள்ளித் திறந்த வெளிக்குக் கொண்டுவரச் செய்தார். காற்று வீசுகிற பக்கம் அவர் நின்றார். பிறகு நடந்ததை நான் ஒரு மாணவனாகப் பார்த்தேன்.

டேங்கின் மூடியைத் திறந்தார். உள்ளே அடைபட்டிருந்த ஆவி 'புஸ்' என்று வெளியேறியது. ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கினார். அப்புறம் என்ஜினை ஸ்டார்ட் செய்தார். பம்பு வேலை செய்யாததால், குழாயில் இருந்த பெட்ரோலைக் குடித்து முடித்துவிட்டு என்ஜின் தானாக அணைந்தது. இன்னும் ஒருமுறை சாவியைத் திருப்பிச் சுற்றவிட்டார். அவ்வளவுதான், காத்திருந்த அழுத்தம் போய்விட்டது. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கினார், ஸ்பானர் எங்காவது உரசிப் பொறி வரக்கூடாது என்று. என்ஜின் ஆறும்வரை ஒரு டீ. நட்டின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை ஒதுக்கிக்கொண்டு, கால் திருப்பு திருப்பிப் பொறுத்தார். கசிந்தது ஒரு மேஜைக்கரண்டி அளவு இருக்கும், அதையும் அடியில் வைத்த இரும்புத் தட்டு பிடித்துக்கொண்டது. டேங்கை நாங்கள் காலி செய்யவே வேண்டியதில்லை. குழாய் வாயில் ஒரு ரப்பர் அடைப்பான் போட்டார், முடிந்தது. புது ஃபில்டரின் அம்புக்குறியை என்ஜின் பக்கம் திருப்பி மாட்டினார். பழைய வாஷரையும் துருப்பிடித்த கிளாம்பையும் தூக்கி எறிந்தார். ஃப்யூஸையும் பேட்டரியையும் மாட்டி, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் மூன்று முறை திருப்பி நிறுத்தி, பம்பு குழாயை நிரப்பியதும் குனிந்து, கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். பிறகுதான் என்ஜின். பக்கத்தில் ஒரு வாளி மணலும், சிவப்புப் பவுடர் சிலிண்டரும் கடைசிவரை தொடாமலே நின்றன. தண்ணீர் வாளி எங்கே என்று நான் கேட்டபோது, "எதுக்கு? தீயக் கப்பலேத்தி அனுப்பவா?" என்றார். பெட்ரோல் தண்ணீர்மேல் மிதக்கும். ஊற்ற ஊற்றத் தீ ஊர்வலம் போகும்.

வெளிச்சத்துக்கு அவர் வைத்திருந்தது சூரியன். அதற்காகத்தான் காலையில் வருவேன் என்றிருக்கிறார்.

கழற்றிய பழைய ஃபில்டரை நான் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்தேன். பிடுங்கிக்கொண்டார். காகித மடிப்பில் ஒரு கை பெட்ரோல் ஊறி நிற்கும். அதைச் சமையலறை ஜன்னலில் வைத்த புத்திசாலிகளை அவருக்குத் தெரியுமாம். நனைந்த துணிகளையும் சுருட்டி மூலையில் போடவிடாமல், வெட்டவெளியில் விரித்துக் காயவைத்தார்.

வீட்டில் யாரும் இதைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தீவில் இருப்பவனுக்கு அந்த ஆடம்பரம் இல்லை. டிக்லிபூரிலோ காமோர்ட்டாவிலோ வண்டி நின்றால், கையில் ஸ்பானர் இருப்பவன்தான் மெக்கானிக். ஆனால் வண்டிகள் எளிதாகிக்கொண்டு வரவில்லை. இப்போது வரும் பல பெட்ரோல் கார்களில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்போடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பின்சீட்டைத் தூக்கி டேங்கின் வாயையே திறக்க வேண்டும். ஆவி நேராகக் காருக்குள் வரும், நாம் உட்காருகிற அறைக்குள். டீசல் பரவாயில்லை என்பார்கள். அவ்வளவு சுலபமாகப் பற்றாது என்பது நிஜம். ஆனால் இன்றைய காமன் ரெயில் என்ஜின் ஓடும்போது அதன் உயர் அழுத்தக் குழாயில் இருப்பது ஆயிரம் பாருக்கும் மேல். கசிவை விரலால் தடவிப் பார்த்தால் டீசல் ஊசி போடாமலே தோலுக்குள் போய்விடும். அந்த விரலை அறுவை சிகிச்சை செய்துதான் காப்பாற்ற வேண்டியிருக்கும். மிஸ்திரி பெட்ரோல் குழாயில் செய்ததை டீசலில் செய்யாதீர்கள்.

கீழ்வீட்டு அம்மா பிறகு பேச ஆரம்பித்துவிட்டார். ஆனால் எங்கள் ஷெட்டில் ஸ்பானர் சத்தம் கேட்டால் இன்றும் ஜன்னலிலிருந்து, "க்யா கர்தா ஹை?" என்று ஒரு குரல் வரும். டயர் மாற்றுகிறேன், சைக்கிள் செயின் மாட்டுகிறேன் என்று மேலேயிருந்து கணக்குச் சொல்லிவிடுவேன்.

மைத்துனன் ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினான். இப்போது ஊரில் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறான். போன வருடம் போயிருந்தபோது ஒரு வீட்டுக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற கொத்தனார்கள் டியூப்பை வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துத் தண்ணீரை ஏற்றிவிடுவார்கள். இவன் வாளியைச் சுவர்மேல் தூக்கி வைத்து, டியூப் முழுவதையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி போகும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பிறகு முனையை விரலால் அடைத்துக் கீழே இறக்கினான். ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன்.

"டியூப்பு அழுக்கா இருக்கு அத்தான்" என்றான்.